ஹெட் அடைத்ததும் மாமா பச்சையானதும்

ஆம்பூர்,
15.8.2005, திங்கட்கிழமை.

மஸ்கட்டில் சுகமாக இருக்கும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் சுகமாகவே இருக்க வேண்டும் என்று நாங்கள் ஜெபித்துக்கொண்டிருக்கும் அன்புள்ள நத்தானியேல் மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் இவாஞ்சலின் பணிவோடு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். பிரிண்டர் சுகமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் போன் செய்யும்போது அம்மா, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதுடா தம்பி, நேரத்துக்கு சாப்பிடு" என்று சொல்லி மூன்று நிமிடத்தில் வைத்துவிடுவார். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. உங்கள் கல்யாணப் பேச்சுக்காக உங்கள் முகம் இந்த வீட்டில் என்னென்ன பாடு பட்டது என்பதை யாராவது ஒருவர் உங்களுக்கு முறையாகச் சொல்ல வேண்டும் அல்லவா? இமெயிலில் எழுதலாம் என்றால், பிரவுசிங் சென்டரில் பின்னால் காத்திருப்பவர்கள் எல்லோரும் நம் கடிதத்தை நமக்கு முன்பே படித்து முடிக்கிறார்கள். இன்று சுதந்திர தினம். பள்ளியில் கொடியேற்றி, ஆளுக்கு ஓர் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, ஒன்பதரைக்கே அனுப்பிவிட்டார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியில் அம்மாவோடு அதே வார்டில் வேலை பார்க்கும் ஞானசுந்தரி ஆன்ட்டி உங்களுக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். வேலூர் சத்துவாச்சாரியில் கிறிஸ்துராஜ் என்று ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவருடைய ஒரே மகள் ரெனிட்டா, பி.எஸ்சி. படித்துவிட்டு, ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். பெண்ணின் போட்டோவையும் ஆன்ட்டி கையோடு கொடுத்தார். நீங்கள் டிசம்பரில்தான் லீவில் வருவீர்கள் என்பதால் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளையின் போட்டோ உண்மையாக இருக்க வேண்டும். போன வருடம் ஒரு வரனுக்கு ஸ்டூடியோ போட்டோவை நம்பிச் சம்மதித்து, அந்த வீட்டார் நேரில் வந்தபோது, ஹெட்மாஸ்டர் எல்லோருக்கும் நாற்காலி போட்டுவிட்டு, "மாப்பிள்ளை எப்ப வர்றாரு?" என்று மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டாராம். அன்றிலிருந்து ஸ்டூடியோ போட்டோ என்றாலே அவருக்கு ஆகாது. இதைக் கேட்டதும் அம்மா, "ஸ்டூடியோவுக்கு நாங்க ஏன் போறோம்? எங்க வீட்லயே கலர் பிரிண்டர் இருக்குது, தம்பி வாங்கிக் குடுத்தது. ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சி, படமும் பயோடேட்டாவும் நாங்களே கொண்டாந்துர்றோம்" என்று சொல்லிவிட்டார். அம்மா அதைச் சொன்னபோது பிரிண்டர் இருந்த மூலையை ஒரு தடவை பெருமையோடு திரும்பிப் பார்த்தார். பிரிண்டருக்கு அது கேட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பிரிண்டரை அம்மா எப்படி வைத்திருந்தார் என்பதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். நீங்கள் ஜனவரியில் நண்பரிடம் கொடுத்தனுப்பினீர்கள். அன்றைக்கு ஒரு வசனத்தை ரோஜாப்பூப் படத்தோடு அச்சடித்துப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் அம்மா அதற்கு லேஸ் வைத்து ஓர் உறை தைத்துப் போட்டு மூடினார். அதன்பின் ஏழு மாதம் யாரும் திறக்கவில்லை. கூடவே வந்த கையேட்டை நான் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை இரண்டு தடவை படித்திருக்கிறேன். பதினான்காம் பக்கத்தில், வாரத்துக்கு ஒரு தாளாவது அச்சடிக்காவிட்டால் மை காய்ந்துவிடும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பிப்ரவரியிலேயே அம்மாவிடம் சொன்னேன். "நல்ல பட்டுச்சேலைய வாராவாரமா கட்டுறோம்? விசேஷம் வந்தா எடுப்போம்" என்றார். மாமா, மை காய்வதற்கு அந்தப் பதில் ஒன்று போதும்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும், நீங்கள் அனுப்பிய படத்தைப் பிரவுசிங் சென்டரிலிருந்து ஃபிளாப்பியில் கொண்டுவந்து, லேஸ் உறையைக் கழற்றி, நீங்கள் பிரிண்டரோடு அனுப்பியிருந்த இருபது பளபளப்புத் தாள்களில் ஒன்றை வைத்து, அச்சடிக்கக் கொடுத்தேன். முதலில் முடி வந்தது. நன்றாக வந்தது. அப்புறம் நெற்றி வந்தது. பச்சையாக வந்தது. முழு முகமும் வந்து சேர்ந்தபோது நீங்கள் கொத்தமல்லிக் கட்டு நிறத்தில், குறுக்கே பதினேழு வெள்ளைக் கோடுகளோடு, சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"இன்னாமா இது? மச்சான் ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி இருக்கிறாரே!"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்தரி பேகம் ஆன்ட்டி, கிண்ணத்தில் சேமியா எடுத்துக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா! தம்பிக்கு மஞ்சக்காமாலையா? ரொம்ப ஜாஸ்தியா இருக்குது போல!"

அம்மா நர்ஸ் ஆயிற்றே. "காமாலைன்னா மஞ்சளா இருக்கும்க்கா. இது பச்சை" என்று திருத்தினார்.

"அப்ப அதவிட மோசமா?" என்றார் ஆன்ட்டி.

நான் கையேட்டை எடுத்தேன். மாமா, நீங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவர், உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் இதை அம்மா, அப்பா, அக்தரி ஆன்ட்டி மூவருக்கும் விளக்க வேண்டியிருந்தது. மையைத் தாளின் மேல் தெளிக்கும் பாகத்துக்கு ஹெட் என்று பெயர், அதில் தலைமுடியைவிடச் சிறிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, சிவப்பு மை வருகிற துளைகள் காய்ந்து அடைத்துக்கொண்டால் மஞ்சளும் நீலமும் மட்டும் வந்து மனிதர் பச்சையாகிவிடுவார் என்று சொன்னேன். துளைகளைச் சோதிக்க ஒரு தாள் அச்சடித்தேன். கறுப்புப் பட்டை முழுசு, நீலம் முழுசு, மஞ்சள் முக்கால், சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். பிரிண்டரே தன்னைச் சுத்தம் செய்துகொள்ள ஒரு கட்டளை உண்டு. கொடுத்தேன். கிர்கிர் என்று ஐந்து நிமிடம் உருண்டது. மறுபடி படம்: பச்சை. புதன்கிழமை ஆழமான சுத்தம் என்று இன்னொரு கட்டளை. அதைக் கொடுத்தால் மை நிறையச் செலவாகும் என்று நாற்பதாம் பக்கத்தில் எச்சரிக்கை போட்டிருக்கிறது. நான் அதைப் படித்தேன், படித்தபின்பும் மூன்று தடவை கொடுத்தேன். படிப்பது வேறு, கேட்பது வேறு என்று இப்போது தெரிகிறது. மூன்றாவது தடவை முடிந்ததும் ஆரஞ்சு விளக்கு ஏழு முறை மின்னி நின்றது. அறுபத்தொன்றாம் பக்கம்: ஏழு முறை என்றால் ஹெட்டிலேயே கோளாறு, கழற்றிப் பார்க்கவும்.

கழற்றுவது என்றதும் வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. அப்பா தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். அங்கே தோலுக்குச் சாயம் அடிக்கும் ஸ்ப்ரே கன்னின் மூக்கு தினமும் அடைத்துக்கொள்ளும். "இது எங்க சமாச்சாரம்மா. ஒரு மூடி தின்னர் ஊத்தினா ரெண்டு நிமிஷத்துல தொறந்துக்கும்" என்றார். அம்மா விடவில்லை. "இது மிஷின் இல்லீங்க, இவ்ளோ மெல்லிசா ஓட்டை இருக்குதுன்னா நரம்பு மாதிரி. நரம்புல தின்னர் ஊத்துவீங்களா?" என்று கேட்டார். கையேட்டில் எந்த ரசாயனமும் கூடாது என்று இருந்ததால் நான் அம்மா பக்கம் ஓட்டுப் போட்டேன். வியாழக்கிழமை அம்மா மருந்துக்கடையில் ஊசிமருந்து கலக்கும் சுத்தத் தண்ணீரும் காஸ் துணியும் வாங்கிவந்தார். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு, ஹெட்டைக் கழற்றி, எவர்சில்வர் தட்டில் இளஞ்சூடான தண்ணீரில் துளைப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்தார். தண்ணீரில் மெல்லச் சிவப்பு கசிந்தது. "பாத்தியா, ரத்தம் ஓட ஆரம்பிச்சிடுச்சி" என்று அம்மா சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் தண்ணீரை மாற்றி, என்ன நிறம் வந்தது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். கரன்ட் வரும் செப்புத் தொடுமுனைகளைக் காஸ் துணியால் ஒற்றி எடுத்தார், தேய்க்கவில்லை. அப்பா தள்ளி நின்று, "டிஸ்சார்ஜ் எப்ப சிஸ்டர்?" என்று கேட்டார்.

நனைந்த ஹெட்டை நன்றாகக் காயவைக்காமல் மாட்டினால் கரியாகிவிடும் என்பதால் வெள்ளிக்கிழமை முழுவதும் ஜன்னலோரம் காஸ் துணிமேல் வைத்திருந்தோம். அன்று நீங்கள் போன் செய்து, "என் போட்டோ என்னாச்சு?" என்று கேட்டதற்கு அம்மா, "காயுதுடா" என்று சொல்லி வைத்துவிட்டார் அல்லவா? காய்ந்தது போட்டோ இல்லை, மாமா.

சனிக்கிழமை காலை ஹெட்டை மாட்டினோம். அம்மா ஜெபம் செய்தார், மதிலுக்கு அப்பால் அக்தரி ஆன்ட்டி துவா செய்தார், நான் சுவிட்சைப் போட்டேன். ஆரஞ்சு விளக்கு மின்னவில்லை. பச்சை விளக்கு! எல்லாத் துளைகளும் திறந்திருந்தன. ஆனால் திறந்த துளை வழியே வருவதற்குச் சிவப்பு மைதான் இல்லை. என்னுடைய மூன்று ஆழமான சுத்தங்களும் அதைக் குடித்து முடித்திருந்தன. ஆம்பூரில் அந்த மை கிடையாது. வேலூர்க் கடைக்குப் போன் செய்தால், "செவ்வாய்க்கிழமைக்கு மேல பாருங்க" என்றார்கள். பயோடேட்டாவைக் கறுப்பில் அழகாக அச்சடித்து எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஞாயிறு. பளபளப்புத் தாளில் மீதி ஆறு. அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நம்மளே வாய் விட்டுக் கேட்டு வாங்கின பேஜார். படம் இல்லாம போனா, 'இவங்களும் மறைக்கிறாங்க'ன்னுதான அவரு நெனைப்பாரு? தம்பிக்கு வயசு முப்பத்திரண்டு. இந்த வரன் என்னால போச்சின்னா..." என்றார். எனக்கும் அழுகை வந்தது. குற்றவாளி நான் அல்லவா?

சனிக்கிழமை அப்பாவுக்கு அரை நாள். இரண்டரை மணிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே தோலுக்குப் போடும் சிவப்புச் சாயம். "இது கலர். அதுவும் கலர். ஊரே பாராட்டுற ஷூவெல்லாம் இதுலதான் நடக்குது. ஊசி எடு" என்றார். கையேட்டின் எழுபத்திரண்டாம் பக்கத்தில், வேறு மையை ஊற்றக் கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. உண்மையை எழுதுவதாகச் சொன்னேன், எழுதுகிறேன்: நான் அந்தப் பக்கத்தைப் புரட்டி வேறு பக்கத்துக்குப் போய்விட்டேன். அப்பா சாயத்தைச் சொட்டுச் சொட்டாகச் சுத்தத் தண்ணீரில் கலக்க, அம்மா ஊசியால் சிவப்பு மைத் தொட்டியில் ஏற்றினார். ஊசி குத்தும்போது, வழக்கத்தினால், "கொஞ்சம்தான் வலிக்கும்" என்று தொட்டியிடம் சொன்னார்.

முதல் படத்தில் நீங்கள் பீட்ரூட். அப்பா தண்ணீர் சேர்த்தார். இரண்டாவதில் நீங்கள் ஓட்டு வீட்டின் ஓடு. மூன்றாவது வந்ததும் அம்மா, "இதுதான் என் தம்பி!" என்று கத்தினார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "டியூப்லைட்ல பாத்து பாஸ் பண்றதுக்கு நான் இன்னா நேத்து வேலைக்குச் சேர்ந்தவனா?" என்று சொல்லி, தொழிற்சாலையின் ஷேடு கார்டை எடுத்துக்கொண்டு, படத்தோடு வாசலுக்குப் போய்விட்டார். அந்தக் கார்டில் பழுப்பில் மட்டும் பதினெட்டுத் தோல்துண்டுகள் இருக்கின்றன, ஒன்றாம் நம்பர் மிக வெளிர், பதினெட்டாம் நம்பர் காப்பிக்கொட்டை. கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி, திரையில் நீங்கள் எந்தத் துண்டோடு ஒத்துப்போகிறீர்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, வெயில் மேற்கே இறங்குவதற்குள் அச்சடித்த படத்தை அதனோடு ஒப்பிட வேண்டும் என்றார். நான் திரைக்கும் வாசலுக்கும் ஓடினேன். அம்மா, "ஒரு நம்பர் கம்மி பண்ணித்தான் போடுங்களேன், தம்பி கொஞ்சம் செகப்பாத் தெரியட்டும்" என்று மெல்லக் கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, அன்று வந்தது.

"சாம்பிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணா? கன்டெய்னரே திரும்பி வந்துரும். மச்சான் அனுப்பின படம்தான் சாம்பிள். அதுல ஒம்போதுன்னா ஒம்போதுதான்."

நான்காவது படத்தில், மூன்றே முக்கால் மணி வெயிலில், நீங்கள் சரியாக ஒன்பதாம் நம்பர். மாமா, அவ்வளவு அழகான படத்தை நான் கண்டதில்லை. மீசையின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. அப்பா கார்டிலிருந்து ஒன்பதாம் நம்பர் துண்டில் ஒரு மூலையை வெட்டி, பின்னால் எண்ணும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாஸான சாம்பிளோடு துண்டு போவது அவர்கள் முறையாம். அதைப் பயோடேட்டாவில் பின் அடிக்கப் போனவரை அம்மா தடுத்துவிட்டதால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு பிரதி எடுக்கலாம் என்று ஐந்தாவது தாளை வைத்தேன். பிரிண்டர் பாதி நெற்றி வரை வந்து, இருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டு, நின்றது. தோல் சாயம் தோலில் ஒட்டுவதற்காகச் செய்தது. ஹெட்டிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. விளக்கு பதினொரு முறை மின்னியது. கையேட்டில் பத்து வரைக்கும்தான் அர்த்தம் போட்டிருக்கிறது.

பரவாயில்லை, ஒரு படம் போதும் என்று நாங்கள் தேற்றிக்கொண்டோம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எந்த வேலையையும் அப்பாவால் மேல்பூச்சு இல்லாமல் வெளியே அனுப்ப முடியாது. தோலுக்குப் பளபளப்புக்காகக் கடைசியில் அடிக்கும் லாக்கரைக் கொஞ்சம் கொண்டுவந்திருந்தார். அதை இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டியில் ஊற்றி, படத்தின் மேல் பனிபோல அடித்தார். நீங்கள் புது ஷூ போல மின்னினீர்கள். அதன் பிறகு, தொட்டால் ஒட்டவில்லை என்று பார்த்துவிட்டு, படத்தையும் பயோடேட்டாவையும் முகத்தோடு முகம் சேர்த்துக் கவரில் வைத்தார். பின்பக்கம் உரசினால் கீறல் விழும், ஆகவே மேல்பூச்சு அடித்த தோல்களை எப்போதும் முகத்தோடு முகம்தான் அடுக்குவார்களாம். அம்மா அந்தக் கவரைப் பையின் அடியில் வைத்து, மேலே பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்தார். பஸ்ஸில் ஆம்பூரிலிருந்து வேலூர் வரை ஆகஸ்ட் வெயிலில் அந்தப் பை என் மடியில் இருந்தது.

சத்துவாச்சாரியில் ஹெட்மாஸ்டர் ஐயா எங்களை அன்பாக உட்காரவைத்தார். ஞானசுந்தரி ஆன்ட்டியும் வந்திருந்தார். அம்மா கவரைக் கொடுத்தார். ஐயா கண்ணாடி போட்டுக்கொண்டு திறந்தார். இரண்டு தாளும் ஒரே தாளாக வந்தன. பிரித்தார். 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது மாமா, அந்தச் சத்தத்தை நான் பிளஸ் டூ முடித்தாலும் மறக்க மாட்டேன். உங்கள் நெற்றியில் 'எம்.சி.ஏ.' என்று கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி ஏறியிருந்தது. ஒரு கன்னத்தில் உங்கள் உயரம், மறு கன்னத்தில் உங்கள் ஞானஸ்நானத் தேதி. பயோடேட்டாவில் 'குடும்ப விவரம்' என்ற இடத்தில் உங்கள் இடது கண்ணும் பாதி மீசையும் இருந்தன. ஐயா படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார், கடைசியில் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"போன தடவ வந்தவங்க ஸ்டூடியோவுல மறைச்சாங்க. நீங்க எழுத்தால மறைக்கிறீங்க. முகத்துல அப்படி இன்னா சார் இருக்குது, மறைக்கிறதுக்கு?"

ஞானசுந்தரி ஆன்ட்டி கூரையைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது. அப்போது அப்பா எழுந்து நின்றார். பள்ளியில் மாணவன் நிற்பதுபோல் நின்றார்.

"சார், நான் டேனரில ஷேடு பாக்கறவன். மறைக்கலை. நல்லா வரணும்னு ஜாஸ்தி பண்ணிட்டேன்" என்று தொடங்கி, லேஸ் உறை, பச்சை முகம், சாயப்புட்டி, லாக்கர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். ஊசியைப் பற்றி அவர் சொல்லத் தயங்கியபோது அம்மாவே, "ஊசி நான்தாங்கய்யா போட்டேன்" என்றார். எழுபத்திரண்டாம் பக்கத்தைப் பற்றி நான் சொன்னேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அப்பா சட்டைப்பையிலிருந்து அந்தத் தோல்துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். "மச்சான் இந்த ஷேடு சார். இது பொய் சொல்லாது."

ஐயா துண்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அந்தச் சமயத்தில், யாரும் கூப்பிடாமலே, ரெனிட்டா அக்கா உள்ளேயிருந்து வந்தார். கையில் காப்பித் தட்டு எதுவும் இல்லை. நேராகத் துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது உங்க கம்பெனி கார்டுதானே அங்கிள்? எங்க டேபிள்லயும் ஒண்ணு இருக்குது. டியூப்லைட்ல பாத்தீங்களா?"

"வெயில்லமா. மூணே முக்காலுக்கு" என்றார் அப்பா, கொஞ்சம் மனம் நொந்தவராக.

அக்கா துண்டைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

"நீ இன்னாமா சொல்றே?" என்றார் ஐயா.

"சாம்பிள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்கப்பா. இதுவரைக்கும் வந்தவங்க யாரும் அப்படிக் குடுக்கலையே. டிசம்பர்ல சரக்கு வரட்டும், பக்கத்துல வச்சிப் பாத்துடறேன்."

ஐயாதான் முதலில் சிரித்தார். அதன் பிறகு காப்பி வந்தது, முறுக்கு வந்தது. அக்கா என்னிடம் ஹெட்டை எத்தனை மணி நேரம் ஊறவைத்தீர்கள் என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. துண்டு இப்போது அவர் கைப்பையில் இருக்கிறது.

ஆகவே மாமா, உங்கள் கல்யாணம் இனி முழுக்க முழுக்க உங்கள் முகத்தின் கையில் இருக்கிறது. டிசம்பரில் நீங்கள் விமானத்திலிருந்து இறங்கும்போது சரியாக ஒன்பதாம் நம்பராக இருக்க வேண்டும். பகலில் வெளியே போகாதீர்கள். போனால் குடை பிடியுங்கள். அங்கே ஆண்கள் குடை பிடிக்க மாட்டார்கள் என்றால் நீங்கள் முதல் ஆளாக இருங்கள். கிரிக்கெட் வேண்டாம். தயவுசெய்து எங்களுக்கு வேறு பிரிண்டர் அனுப்ப வேண்டாம். இருப்பதற்கு அம்மா மறுபடியும் லேஸ் உறையைப் போட்டுவிட்டார், அது இப்போது நல்ல ஸ்டூலாக இருக்கிறது.

அப்பா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அம்மா, தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னார். அக்தரி ஆன்ட்டி உங்கள் உடம்பு தேறிவிட்டதா என்று தினமும் விசாரிக்கிறார். கர்த்தர் உங்களை எல்லாத் தீங்குக்கும், விசேஷமாக வெயிலுக்கும், விலக்கிக் காக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
இவாஞ்சலின் (ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு).

பி.கு.: இன்று தபால் நிலையம் லீவு என்பதால் கடிதம் மேஜையிலேயே இருந்தது. நான்கு மணிக்கு அப்பா பிரவுசிங் சென்டர் போய், உங்கள் மெயிலைத் துண்டுச் சீட்டில் கையால் எழுதிக்கொண்டு, அதோடு வந்த படத்தை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு வந்தார். 'அக்கா காயுது என்று சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. படத்தை என் ரூம் நண்பர் கம்ப்யூட்டரில் கொஞ்சம் வெளுப்பாக்கிவிட்டார், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரியான படம் இத்துடன் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "நானும் பாத்தேன், மூணு வருஷம் ஏசில இருந்தா தோல் இவ்ளோவா வெளுக்கும்னு. கையெழுத்துப் போட்டுட்டேனே" என்று மட்டும் சொன்னார். சரியான படத்தில் நீங்கள் பதினொன்றாம் நம்பர். "சொல்லாதீங்க, டிசம்பர் வரைக்கும் ஆண்டவர் வழி காட்டுவாரு" என்றார் அம்மா. "சொல்லணும். ரிஜெக்ட் ஆனா ஆவட்டும்" என்றார் அப்பா, ஆனால் போனைத் தொடவில்லை. அதனால் நான் தொட்டேன். ரெனிட்டா அக்காவே எடுத்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம், "நெஜ நம்பர் எத்தினி?" என்றார். "பதினொண்ணு" என்றேன். "உங்க வீட்ல என் போட்டோ இருக்குதில்ல, அதுல நான் எத்தினின்னு உங்கப்பாவக் கேளு" என்றார். அப்பா ஜன்னலுக்குப் போகக்கூட இல்லை. "ஏழு. நேர்ல பன்னெண்டு. நேத்தே பாத்துட்டேன், நம்மகிட்ட இருந்த படமே எழுத்து ஒட்டின படம், எந்த வாயால கேக்கறது?" என்றார். நான் அதை அப்படியே போனில் சொன்னேன். அக்கா அவ்வளவு சத்தமாகச் சிரித்தார். அவர் அம்மா ஸ்டூடியோவில் சொல்லி வெளுப்பாக்கியதாம், ஹெட்மாஸ்டர் ஐயாவுக்கு இன்றுவரை தெரியாதாம். "ஒரு ஜோடி ஷூவுல இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் ஒரு நம்பர் வித்தியாசம் இருந்தா நாங்க பாஸ் பண்ணுவோம்னு சொல்லிடு" என்று வைத்துவிட்டார். ஆகையால் மாமா, மேலே எழுதியவற்றைத் தள்ளிவிடவும். வெயிலில் தாராளமாகப் போகலாம், அக்காவின் பன்னிரண்டைத் தொட இன்னும் ஒரு நம்பர் இடம் இருக்கிறது.